இல்லாத கோபுரத்தை நோக்கி ஒரு கடற்பயணம்

கன்னியாகுமரியிலிருந்து மேற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். ஒருபுறம் ஓய்வறியாத கடல், மறுபுறம் தென்னஞ்சோலைகள், அவற்றுக்கும் மேலாக, ஊருக்கு ஒன்றென வானளாவி நிற்கும் ஆலயக் கோபுரங்கள். மணக்குடி, பள்ளம், இராசாக்கமங்கலந்துறை, முட்டம், கடியபட்டணம், குளச்சல் என்று ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டே வரும். கோபுரங்கள் மட்டும் ஒன்றையொன்று கை கோத்தாற்போல் தொடர்ந்து வரும். சாலையிற் செல்பவருக்கு அவை கண்ணுக்கு விருந்து. ஊராருக்கு அவை தம் பங்கின் பெருமை. ஆனால் கடல்மேல் நின்று கரையை நோக்கும் மீனவனுக்கு அவை மற்றொன்றும் ஆகும் என்பதைச் சென்ற தை மாதத்தில்தான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

நாங்கள் என்பது அண்ணனும் தம்பியுமாகிய இருவர். உள்நாட்டில் வளர்ந்தவர்கள். விடுமுறை நாள்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில், வனத்துறையின் அனுமதி பெற்ற பாதைகளில் நடந்து வருவது எங்கள் வழக்கம். அந்நடைகளுக்காகக் கையடக்கமான செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். அம்மாவின் உடன்பிறந்தவராகிய எங்கள் மாமா, முட்டத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கடற்கரை ஊரில் வாழ்கிறார். எழுபத்து மூன்று வயது. அவரிடமிருந்து ஒரு நாள் தொலைபேசியில் அழைப்பு வந்தது. "மக்கா, மலையில தூக்கிக்கிட்டு நடப்பீங்களே, அந்தச் சாமானை எடுத்துக்கிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்க. எங்க அப்பாவோட பாரு தொலைஞ்சு போச்சு" என்றார்.

கடலில் ஓர் இடம் எப்படித் தொலைந்து போகும்? அதை அறியவே புறப்பட்டோம்.

கணியம் என்னும் கலை

கடலின் அடித்தளம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மணலும் சேறுமாகப் பரந்து கிடக்கும் தரையில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. இவற்றைப் பார் என்பர். பாரின் இடுக்குகளில்தான் கலவா போன்ற மீன்கள் தங்கி வாழும். பார் எங்கே இருக்கிறது என்று அறிந்தவன் வெறுங்கையோடு திரும்புவது அரிது. ஆனால் நீரின் மேற்பரப்பில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே நீலம்.

இதற்கு நம் கடலோர முன்னோர் கண்டுபிடித்த வழியே கணியம். கரையில் இருக்கும் ஓர் அடையாளத்தையும், அதற்குப் பின்னே தொலைவில் இருக்கும் மற்றோர் அடையாளத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வருமாறு பார்ப்பது முதற்படி. அவ்விரண்டும் ஒன்றிய நிலையில் படகு ஒரு கோட்டின்மேல் நிற்கிறது என்பது உறுதி. ஆனால் அக்கோட்டில் எங்கே? அதற்காக வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த இரண்டாவது கோடு முதற் கோட்டை வெட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதுவே பார்.

மாமாவின் தந்தை, அதாவது எங்கள் தாத்தா, கட்டுமரத்தில் சென்ற காலத்தில் கண்டறிந்த பார் ஒன்று உண்டு. அதன் முதற் கணியம்: ஊர் ஆலயத்தின் கோபுர உச்சி, வடக்கே தோன்றும் வேளிமலையின் இரு முடிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் பொருந்தி நிற்கவேண்டும். இரண்டாவது: முட்டம் கலங்கரை விளக்கு, கரையோரப் பாறை ஒன்றன் தலைக்கு நேரே வரவேண்டும். தாத்தா இதை மாமாவுக்குக் கடலில் வைத்துக் காட்டிக் கொடுத்தார். வேறு எவருக்கும் சொன்னதில்லை. குடும்பச் சொத்து என்றால் நிலமும் வீடும் மட்டுமல்ல என்பதைக் கடற்கரையார் அறிவர்.

மாமா இருபது ஆண்டுகள் அப்பாரில் தூண்டில் போட்டார். பின்பு எஞ்சின் பொருத்திய வள்ளம் வந்தது. வெளியூர்த் துறைமுகங்களுக்குச் சென்று தங்கித் தொழில் செய்யும் வழக்கம் வந்தது. தாத்தாவின் பாருக்குச் செல்லும் தேவை குறைந்தது. இதற்கிடையில் ஊரின் பழைய ஆலயம் சிறியதாயிற்று. மக்கள் வரிப்பணம் சேர்த்து, பழையதை இடித்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் பெரியதோர் ஆலயம் எழுப்பினார்கள். புதிய கோபுரம் உயரமானது, அழகானது. ஆனால் அது வேறிடத்தில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, உதவி அடையாளங்களாக இருந்த முன்வரிசைத் தென்னைகளையும் கொண்டு சென்றது. கடலடியில் பார் அப்படியே இருக்கிறது. அதற்குச் செல்லும் வழிதான் கரையில் அழிந்துவிட்டது.

"இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, அப்புறம் நான் கடலுக்குப் போக முடியாது மக்கா. எனக்குப் பிறகு அது யாருக்கும் இல்லை" என்றார் மாமா. அவர் கண்களில் புரை வளர்ந்து வருவதை அப்போதுதான் கவனித்தோம்.

வானத்தில் நிற்கும் கணியம்

கருவியைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். கையிலுள்ள சிறு பெட்டிக்குள் உலகப் படம் முழுவதும் இருப்பதால் அது வழி சொல்லுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. அதுவும் ஒருவகைக் கணியமே பார்க்கிறது. அதன் கோபுரங்கள் வானத்தில் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

தரைக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நாள் ஒன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. முதலாவது கோள் 1978இல் ஏவப்பட்டது. 24 கோள்கள் கொண்ட முழு அமைப்பு 1995இல் நிறைவுற்றது. ஒவ்வொரு கோளிலும் மிக நுட்பமான அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று அது இடைவிடாது வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நம் கருவியை அடைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக்கொண்டு, அக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. நான்கு கோள்களேனும் கிடைத்துவிட்டால், நாம் நிற்கும் இடமும் உயரமும் சரியான நேரமும் தெரிந்துவிடும். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கணக்குப் பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகும் என்றால், அக்கடிகாரங்களின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

தொடக்கத்தில் இது படைத்துறைக்கென்றே அமைந்தது. 1983 செப்டம்பர் முதல் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்த கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே இவ்வமைப்பைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. இன்று திறந்தவெளியில் சில மீட்டருக்குள் இடம் சொல்லும் கருவி எளிய மீனவர் கையிலும் இருக்கிறது. இந்தியாவும் கார்கில் போருக்குப் பின் தனக்கென நாவிக் என்னும் அமைப்பை ஏற்படுத்தி, 2013 முதல் அதற்கான கோள்களை ஏவியது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். இக்கருவி கேட்கும், பேசாது. கோள்கள் சொல்வதை வாங்கிக்கொள்ளுமேயன்றி, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவற்றுக்கோ வேறு எவருக்குமோ தெரிவிக்காது. இதன் பொருளைப் பின்னர் கடலில் வைத்து எங்களுக்கு ஒருவர் விளக்கினார்.

கரையில் ஒரு நாள்

கடலுக்குச் செல்லும் முன் கரையில் ஒரு முழு நாள் வேலை இருந்தது. இல்லாத கோபுரத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும் அல்லவா?

பழைய ஆலயத்தின் படம் மாமா வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆனால் படம் இடத்தைச் சொல்லாது. ஊரில் முதிய பெண்மணிகள் மூவரை அழைத்துக்கொண்டு சென்றோம். திருமண வயதில் அவர்கள் நின்ற பழைய வாசற்படி எங்கே, மணிக்கயிறு தொங்கிய இடம் எங்கே என்று கேட்டோம். முதலில் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். பின்னர் ஒரு பாட்டியார், பழைய கொடிமரத்தின் கல்பீடம் இன்றும் கலையரங்கத்தின் பின்புறம் புதைந்து கிடப்பதைக் காட்டினார். கொடிமரத்திலிருந்து வாசல் பதினாறு எட்டு என்பது, சிறுவயதில் அங்கே கல்தாண்டி விளையாடிய மாமாவுக்கு நினைவிருந்தது. அளந்தோம். கலையரங்க மேடையின் மேற்கு மூலைக்கு வந்து சேர்ந்தோம். மாமா அங்கே நின்று வேளிமலையை நோக்கினார். நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, "இதுதான்" என்றார்.

கருவியை அந்த மூலையில் வைத்து, வானம் நன்கு தெரியும்படி பத்து நிமிடம் காத்திருந்தோம். இவ்வாறு நின்று பல அளவுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் பிழை குறையும். கருவி தந்த எண்களைக் கோபுரம் என்ற பெயரில் பதித்துக்கொண்டோம். மலைப் பள்ளத்தின் இடத்தை நில அளவைப் படத்திலிருந்து எடுத்தோம். படத்திலிருந்து எண் எடுப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய இந்திய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் கணிப்பு என்ற அடிப்படையில் வரையப்பட்டவை. செயற்கைக்கோள் கருவிகளோ உலக நில அளவை 1984 என்ற அடிப்படையைக் கொள்கின்றன. ஒன்றன் எண்ணை மற்றொன்றில் அப்படியே இட்டால் இடம் பெரிதும் விலகிவிடும். 2005இல் வந்த தேசியப் படக் கொள்கைக்குப் பின் வெளியான பொதுப் படங்கள் 1984 அடிப்படையிலேயே உள்ளன. நாங்கள் அத்தகைய படத்தைப் பயன்படுத்தினோம்.

இனி வழி எளிது. மலைப் பள்ளத்திலிருந்து கோபுரம் வழியாகக் கடலுக்குள் ஒரு கோட்டை நீட்டினால் அதுவே தாத்தாவின் முதற் கணியம். கோபுரத்திலிருந்து பள்ளம் எந்தத் திசையெண்ணில் இருக்கிறதோ, கடலிலிருந்து பார்க்கும்போது கோபுரமும் அதே திசையெண்ணில் இருக்கவேண்டும். கருவி எப்போதும் பதித்த இடத்தின் திசையெண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண் பொருந்தும்வரை வள்ளத்தை ஓட்டினால் போதும். கோபுரம் கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை.

அன்றிரவு மாமாவின் இளைய மகன், எங்கள் மைத்துனன், தன் வள்ளத்துக் கருவியிலும் கோபுரத்தின் எண்களைப் பதித்தான். சிறிது நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அத்தான், நம்ம கோயில் ஆரல்வாய்மொழிக்குப் போயிட்டு!" என்றான்.

நடந்தது இதுதான். மலையில் நடக்கும் எங்களுக்குப் பாகையின் பின்னத்தில் எண் படிக்கும் வழக்கம். கடற்கரையார் டிகிரி, மினிட் என்று பாகையும் கலையுமாகப் படிப்பார்கள். எடுத்துக்காட்டாக, எங்கள் தாளில் 8.1200 என்றும் 77.3400 என்றும் இருந்தால், அவற்றின் உண்மைப் பொருள் 8 பாகை 7.2 கலை, 77 பாகை 20.4 கலை. அவனோ 8 பாகை 12 கலை, 77 பாகை 34 கலை என்று பதித்துவிட்டான். விளைவு, கோபுரம் வடக்கே ஏறக்குறைய 9 கிலோமீட்டரும் கிழக்கே 25 கிலோமீட்டரும் நகர்ந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் இது சிரிப்பு. ஆபத்தில் இருப்பவர் தம் இடத்தை இவ்வாறு தவறாகச் சொல்ல நேர்ந்தால் அது உயிர்க்கேடு. ஓர் எண்ணைப் பிறருக்குச் சொல்லும்போது அது எந்த முறையில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றோம்.

கடல்மேல்

மறுநாள், புதன்கிழமை, விடியலுக்கு முன் கரைக்கு வந்தோம். குருசடியில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மாமா அதன் முன் சற்று நின்றார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு வள்ளத்தின் அணியத்தில் கை வைத்தார். அலை ஓய்ந்த ஒரு கணத்தில் எல்லோருமாகத் தள்ளினோம். எஞ்சின் முழங்கியது. கரை பின்வாங்கியது.

கருவியை உறையிலிட்டுக் கயிற்றால் கழுத்தில் கட்டியிருந்தோம். கையிலிருந்து நழுவினால் கடல் திருப்பித் தராது. மாற்றுப் பேட்டரிகள் நீர் புகாத டப்பாவில் இருந்தன. மைத்துனன் முன்தினமே பங்கு நண்பர் ஒருவரிடம், எந்தத் திசையில் செல்கிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். இரண்டு கடல் மைலுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று எங்களுக்குத் தோன்றியது. கேட்டும் விட்டோம்.

அவன் உடனே விடை கூறவில்லை. எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னான்:

"அத்தான், ஒக்கி வந்தப்ப நான் ஆழ்கடல் போட்டில இருந்தேன். 2017 நவம்பர் 30. காத்து அடிச்சு எஞ்சின் நின்னு போச்சு. ஆனா ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்தது. எத்தனை டிகிரி, எத்தனை மினிட், எல்லாம் எனக்கு மனப்பாடம். நாங்க இருந்த இடம் எங்களுக்குத் துல்லியமாத் தெரியும். வயர்லெஸ்ல கத்திப் பார்த்தோம்; கேக்கிற தூரத்தில யாரும் இல்லை. தெரிஞ்சு என்ன செய்ய? கரைக்குத் தெரியணும்லா!"

மாமா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்து இலட்சத்தீவுகளை நோக்கிச் சென்றதும், ஊர் ஊராகப் பெண்கள் கடற்கரையில் காத்து நின்றதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மைத்துனனின் படகு இலட்சத்தீவில் ஒரு தீவை அடைந்தது. செய்தி வீட்டுக்கு வந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் மாமா கரையை விட்டு வீட்டுக்குள் செல்லவில்லை என்று அத்தை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதே தெருவில் திரும்பி வராதவர்களும் உண்டு.

மலைக்குச் செல்வோரும் இதை எண்ணவேண்டும். கைபேசியில் உள்ள வழிகாட்டி, கோபுர அலை இல்லாத காட்டிலும் இடத்தைக் காட்டும். ஆனால் அலை இல்லையேல் அதனால் எவரையும் அழைக்க முடியாது. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் தொலைபேசியும் செய்தி அனுப்பும் கருவியும் நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அறியாமல் கொண்டுவந்து தொல்லைப்பட்டதும் உண்டு. ஆதலால் கரையில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துச் செல்லும் சிறு தாளே இன்றும் முதற்பெரும் பாதுகாப்பு. ஒக்கிக்குப் பின், கரையிலிருந்து எச்சரிக்கை அனுப்பும் நாவிக் கருவிகளும் படகுகளுக்கு வரத் தொடங்கின. அவை எல்லாப் படகுக்கும் எட்டவேண்டும் என்பதே கடற்கரையின் வேண்டுதல்.

கல் சொன்ன விடை

கதிரவன் எழுந்தான், ஆனால் கரைமேல் வெண்மூட்டம் கிடந்தது. வேளிமலை அறவே தெரியவில்லை. புதிய கோபுரம் மங்கலான கோடாகத் தோன்றியது. கருவி மட்டும் மூட்டத்தைப் பொருட்படுத்தாமல் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் திசையெண்ணைப் படிக்க, மைத்துனன் வள்ளத்தைத் திருப்பித் திருப்பி அக்கோட்டில் நிறுத்தித் தெற்கே செலுத்தினான். நீவாடு எனப்படும் நீரோட்டம் கிழக்கே இழுத்தது. வள்ளத்தின் அணியம் ஒரு திசையை நோக்க, வள்ளம் செல்வது வேறு திசையாக இருந்தது. கருவி அணியத்தைக் காண்பதில்லை. உண்மையில் நகரும் வழியையே காட்டுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டால் அதன் திசைமுள் பொருளற்றுச் சுழலும்.

கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குச் சற்று அப்பால், கலங்கரை விளக்கு பாறைத் தலையை நெருங்கி வந்தது. "மெல்ல, மெல்ல" என்றார் மாமா. இரண்டும் ஒன்றின. கருவியில் திசையெண் சரியாக இருந்தது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. மாமா ஈயக்கல் கட்டிய கயிற்றை இறக்கினார். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம். பதினெட்டாம் பாகத்தில் கல் தரையைத் தொட்டது. அவர் கயிற்றை மெல்லத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "மணல்."

எங்கள் முகம் வாடியது. ஆனால் கணக்கைப் பார்த்தால் வியப்பில்லை. கருவி திசையை முழுப் பாகையில்தான் காட்டுகிறது. நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாகை வேறுபாடு என்பது பக்கவாட்டில் 70 மீட்டர். தாத்தாவின் பாரோ ஒரு வீட்டு முற்றத்தைவிடச் சற்றுப் பெரியது. கருவி எங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வீட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மாமாவுடையது.

இரண்டாம் முறை, மேற்கே சிறிது விலகி இறக்கினார். மீண்டும் மணல். மாமா அணியத்தில் எழுந்து நின்றார். புரை படர்ந்த கண்ணால் அவருக்குக் கலங்கரை விளக்கு எவ்வளவு தெரிந்ததோ அறியோம். சற்று நேரம் நீரின் நிறத்தைப் பார்த்தார்; கையை நீருக்குள் விட்டு இழுப்பைப் பார்த்தார். "அப்பா பாறையோட தலையில விளக்கை வைக்க மாட்டாரு, தோளில வைப்பாரு. இப்பத்தான் நினைவு வருது" என்றார். மைத்துனன் வள்ளத்தைக் கோட்டின் வழியே இன்னும் சிறிது தெற்கே தள்ளினான்.

மூன்றாம் முறை கல் பதினைந்தாம் பாகத்திலேயே நின்றது. கயிறு அவர் விரலில் அதிர்ந்ததை நாங்களும் கண்டோம். மாமா பேசவில்லை. கயிற்றை எங்கள் கையில் கொடுத்தார். தூக்கிப் போட்டுப் பார்த்தோம். மணலில் விழும் மென்மை இல்லை. அடியிலிருந்து கட்டியான ஒரு தட்டு கையில் வந்து சேர்ந்தது. பின் அவரே தூண்டிலை இறக்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது; செம்பழுப்பு நிறத்தில் ஒரு கலவா மேலே வந்தது.

"அழுத்து மக்கா" என்றார்.

பொத்தானை அழுத்தினோம். இடம் பதிந்தது. கருவி பெயர் கேட்டது. தாத்தாவின் பெயரை இடலாமா என்று கேட்டோம். மாமா சிரித்தார். "பேரு போட்டா திருடன் படிப்பான். நம்பராவே கிடக்கட்டும்" என்றார். எனவே அது 47ஆம் எண் என்ற அளவிலேயே இருக்கிறது. அதன் பாகையையும் கலையையும் இங்கே நாங்கள் எழுதாததற்கு வாசகர்கள் எங்களை மன்னிப்பார்களாக.

திரும்பிய பின்

வெயில் ஏறுமுன் கரை சேர்ந்தோம். எழுதிக் கொடுத்த தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மைத்துனன் மறக்கவில்லை. வந்துவிட்டோம் என்று சொல்லாவிடில், காத்திருப்பவர் வீணே கலங்குவார் அன்றோ?

அன்று மாலை மாமா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் பேத்தியை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்களை எழுதச் சொன்னார். கருவி கெட்டுப்போகலாம், தண்ணீரில் விழலாம், திருடு போகலாம்; எண்ணைத் தாளிலும் எழுதி வைப்பது நல்லது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவள் எழுதி முடித்ததும் பேனாவை மூட முயன்றாள். மாமா விடவில்லை.

"இன்னும் இருக்கு. எழுது. பழைய கோயில் கோபுரம், வேளிமலைப் பள்ளத்தில. கலங்கரை விளக்கு, பாறையோட தோளில; தலையில இல்ல, தோளில. கல் பதினைஞ்சு பாகம். நீவாடு கிழக்கே இழுக்கும்."

"பழைய கோபுரம்தான் இல்லையே தாத்தா, அதை ஏன் எழுதணும்?" என்று பேத்தி கேட்டாள்.

"கலையரங்கத்தோட மேற்கு மூலை என்று பக்கத்தில எழுது. ஆனா கோபுரம் என்றும் எழுது. உங்க பூட்டன் அதைப் பார்த்துத்தான் வீடு வந்தாரு" என்றார் மாமா.

அவள் இரண்டையும் எழுதினாள். கடலுக்குச் செல்லும் உரிமை பெண்பிள்ளைக்கு உண்டா என்று எவரும் அங்கே கேட்கவில்லை. மைத்துனன் மட்டும் அருகில் வந்து, எண்களுக்குப் பக்கத்தில் "டிகிரி, மினிட்" என்று எழுதியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சென்றான்.

நாங்கள் ஊருக்குப் புறப்பட்ட பேருந்து முட்டத்தைக் கடந்தபோது மாலை மணி ஒலித்தது. சன்னல் வழியே பார்த்தோம். மூட்டம் விலகி வேளிமலை தெளிவாக நின்றது. புதிய கோபுரம் தென்னைகளுக்கு மேலே ஒளிர்ந்தது. அப்புதிய கோபுரத்தையும் மலையையும் சேர்த்துப் பார்த்து, இன்று கடலில் எந்த இளைஞனோ தனக்கென ஒரு கணியம் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் கழுத்திலிருந்த கருவி வழி நெடுக எண்களை மாற்றிக்கொண்டே வந்தது. வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்துவிட்டோம் என்று சொன்னோம்.